படத்தில் சிவப்பு வராத கை

தின்ற கோழி செரிப்பதற்கு முன்பே வதந்தி கிளம்பிவிட்டது. பழச்சாறுக் கடை எடெல்மிராவின் கைவலி சுத்தப் புளுகாம். லிமாவில் இருக்கும் கலர் மெஷின் அதைக் கண்டுபிடித்துவிட்டதாம். நிஜமான நோயாளி கையை நீட்டினால் அந்த மெஷின் சிவப்புச் சிவப்பாகக் காட்டுமாம். எடெல்மிரா நீட்டினாள், மழைக்கால வானம் மாதிரி வெறும் சாம்பல்தான் வந்ததாம். டாக்டரம்மா அப்போதே, "போய் வேலையப் பாருங்க" என்று துரத்திவிட்டாளாம்.

வதந்திக்கும் கோழிக்கும் சம்பந்தம் உண்டு. பெரு நாட்டு மலையூரான வான்காயோவின் சந்தையில் ஒருவருக்கு ஆபரேஷன், சாவு, கோர்ட் வழக்கு என்று ஏதாவது வந்தால் மற்றவர்கள் கோழி வறுவல் விருந்து போடுவார்கள். டிக்கெட் வாங்க வேண்டும், காலோ நெஞ்சோ கிடைத்ததைத் தின்ன வேண்டும், பீர் குடிக்க வேண்டும், விடியும் வரை ஆட வேண்டும். உதவி செய்தாயிற்று. எடெல்மிரா லிமா போய்ப் படம் எடுத்துக்கொள்வதற்காக அப்படி ஒரு விருந்து நடந்தது. தின்றவர்கள் எல்லாரும் அவளுடைய நோயில் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். பங்கு போட்ட நோய் பொய் என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

"நான் ரெண்டு தொடை வாங்கினேன். ரெண்டும் வேகல. அதுவும் இல்லாத வியாதிக்கு!" என்றாள் எதிர்க்கடை ஃபவுஸ்தினா. பாலாடைக்கட்டி விற்பவள். சந்தைக்கு ஒலிபெருக்கி ஒன்று இருக்கிறது. பழுதானால் யாரும் கவலைப்படுவதில்லை, ஃபவுஸ்தினா இருக்கிறாள்.

இந்த வதந்தியைச் சரிபார்க்கப் புறப்பட்டால், அதில் பாதி உண்மையாக இருந்து தொலைக்கிறது. கையை நீட்டியதும் உண்மை, சாம்பல் வந்ததும் உண்மை. பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், அது எடெல்மிராவிடம் இல்லை, மெஷினிடமும் இல்லை. ஒரு நல்ல மனிதரின் நல்ல மனசில் இருந்தது.

எடெல்மிரா கஞ்சான்யா அந்தச் சந்தைக்கு வந்தபோது சிறுமி. வேறொருத்தியின் கடையில் அன்னாசி சீவினாள். சீவிச் சீவி, கடைசியில் அந்தக் கடையே அவளுக்கு வந்தது. சொந்தக்காரி மகனோடு சிலிக்குப் போய்விட்டாள். பப்பாளியும் ஆரஞ்சும் கோபுரமாக அடுக்கி, அதற்குப் பின்னால் உயரமான முக்காலியில் உட்கார்ந்தால் எடெல்மிராவின் தலையும் இரண்டு பின்னல்களும் மட்டும் தெரியும். கறுப்பு பீரும் முட்டையும் அடித்து ஒரு சாறு போடுவாள். லாரி டிரைவர்கள் அதைக் குடித்துவிட்டுத்தான் மலைக் கணவாய் ஏறுவார்கள். புருஷன் இருந்தான், கொஞ்ச காலம். பிறகு சுரங்கத்து நுரையீரலோடு போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. கடை இருந்தது.

அவளுடைய புகழ் சாற்றால் வந்ததல்ல, கொசுறால் வந்தது. உயரமான கண்ணாடித் தம்ளர் நிறையக் கொடுத்த பிறகு ஜாடியில் மிச்சம் இருக்கும். அது கொசுறு. எல்லாக் கடையிலும் உண்டுதான். ஆனால் மற்றவர்கள் ஜாடியைக் கவிழ்க்கும்போது முகத்தையும் கவிழ்த்துக்கொள்வார்கள். எடெல்மிரா கொசுறுக்கென்றே ஒரு பழம் கூடப் போடுவாள். "கொசுறு எங்க, கசேரா?" என்று தம்ளரை நீட்டுவார்கள். கசேரா என்றால் அங்கே விற்பவளும்தான், வாங்குபவளும்தான்; ஆண் என்றால் கசேரோ. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொள்வார்கள். "பொறு கசேரா, தம்ளர் ஓடியா போயிரும்?" என்று ஜாடியைத் தூக்குவாள்.

அந்த ஜாடிதான் முதலில் கனத்தது.

காலையில் விரல்கள் மடங்க மறுத்தன. பிறகு மணிக்கட்டு. விரல் முட்டிகள் கொய்யாக்காய் போலத் திரண்டு நின்றன. சந்தை தன் கடமையைச் செய்தது. சூடான கையைப் பச்சைத் தண்ணீரில் விட்டதால் வந்தது என்றது ஒரு பக்கம். சிலிக்குப் போனவளின் சாபம் என்றது இன்னொரு பக்கம். தவளைச் சாறு குடி என்றார்கள். அதை விற்பவளே எடெல்மிராதான். தன் சரக்கைத் தானே குடித்துப் பார்த்தாள். தவளை செத்ததுதான் மிச்சம்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை வயிற்றைப் பிடித்தது, விரலை விட்டுவிட்டது. பெரிய மருந்து ஒன்று இருக்கிறது, ஊசி, அது மூட்டு அரிக்கப்படுவதை நிறுத்தும், ஆனால் லிமாவில் ஒரு குழு சம்மதிக்க வேண்டும் என்றார்கள். அந்த மருந்தின் விலை அப்படி. குழு ஆளைப் பார்க்காது. படத்தைத்தான் பார்க்கும். மூட்டுக்குள் ரத்தம் பாய்ந்து வீக்கம் கொதித்துக்கொண்டிருந்தால் கலர் டாப்ளர் படத்தில் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இருந்தால் மருந்து. இல்லாவிட்டால் மாத்திரையும் பிரார்த்தனையும்.

தேதி கிடைக்கவே மழைக்காலம் போய் அறுவடைக்காலம் வந்துவிட்டது. கிடைத்ததும் விருந்து நடந்தது, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எடெல்மிராவுக்கு அப்போது ஒரே ஒரு கவலை. தலை.

லிமாவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு மலையிலிருந்து ஒருத்தி போகிறாள் என்றால் குளித்து, இஸ்திரி போட்ட பாவாடை கட்டி, இரட்டைப் பின்னல் இறுக்கிப் பின்னித்தான் போவாள். கலைந்த தலையோடு போனால் அங்கே நர்ஸிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் "ஏய், நீ" என்பார்கள். பின்னல் இருந்தால் "அம்மா" என்பார்கள். நம்பிக்கை அல்ல இது, அனுபவம். ஆனால் பின்னுவதற்கு விரல் வேண்டும். சில மாதங்களாக எடெல்மிரா தொப்பி போட்டு மறைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் பின்னிவிடச் சொல்ல மானம் இடம் தரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தை முனையில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனாள். எலியோதோரோ கடை. அவர் டாக்டருக்குப் படித்ததில்லை. வெள்ளைக் கோட்டு மட்டும் உண்டு, ஆகவே சந்தையே அவரை "சின்ன டாக்டர்" என்று கூப்பிட்டது. சளிக்கு ஊசி, சோகத்துக்கு ஊசி, பரீட்சைக்கு ஊசி. ஊசி போடாமல் ஆளை அனுப்பினால் தானே ஏமாற்றியது போல் வருந்துவார். தினமும் காலை எடெல்மிராவிடம் பப்பாளிச் சாறு குடிப்பார். அவருக்கு மட்டும் இரண்டு தடவை கொசுறு.

"சின்ன டாக்டரே, ஒரு வைட்டமின் ஊசி போடுங்க. வியாதி தீர வேணாம். தலைய மட்டும் பின்னிக்கிற அளவுக்குப் போதும்."

"அவ்வளவுதானா? நீ எனக்கு எத்தன வருசமா ஊத்துற! திரும்பு கசேரா, திரும்பு. பறக்க வைக்கிறேன் பாரு."

"மெதுவா குத்துங்க. நீங்க குத்தி அந்த ரொட்டிக்காரி ஒரு வாரம் நின்னுக்கிட்டே வித்தா."

"அவ உக்காந்தா முக்காலி தாங்காது, அதான் நின்னா. பேசாம இரு."

ஞாயிற்றுக்கிழமை காலை இன்னொன்று போட்டார். இரண்டாவதற்குப் பணமே வாங்கவில்லை.

அன்று மதியம் எடெல்மிரா கண்ணாடி முன் உட்கார்ந்து தலை பின்னினாள். விரல்கள் மடங்கின. மூன்று கால் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று போட்டு, நுனி வரைக்கும். ஒன்று முடித்ததும் அவிழ்த்து, வேண்டுமென்றே மறுபடி பின்னினாள். பிறகு கடைக்குப் போய் ஓர் அன்னாசியை எடுத்துத் தோல் ஒரே சுருளாக வரும்படி சீவினாள். யாரும் கேட்காத அன்னாசி. பார்த்தவர்கள் பார்த்தார்கள். "நோயாளியாம்!" என்று ஃபவுஸ்தினா கண்ணால் குறித்துக்கொண்டாள். வதந்தியின் முதல் விதை அந்த அன்னாசித் தோல்தான்.

திங்கட்கிழமை லிமாவில் வாசல் காவலாளி "உள்ள போங்கம்மா" என்றான். பின்னல் வேலை செய்தது.

டாக்டர் லராவுரி என்ற அந்த டாக்டரம்மா சின்னப் பெண். முகத்தில் தூக்கமின்மை. வெளியே வராந்தா நிறையக் கைகள் காத்திருந்தன. குளிர்ந்த களிம்பை முட்டிகளில் தடவி, கருவியை வைத்தும் வைக்காமலும் பிடித்தாள். அழுத்தினால் ரத்த ஓட்டம் மறைந்துவிடும், அதனால் வண்ணத்துப்பூச்சி உட்கார்வது போலத்தான் வைப்பார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் எலும்பின் கரை தெரிந்தது, மேலே கறுப்பாக ஒரு குட்டை. கலரை இயக்கினாள். திரை சாம்பலாகவே இருந்தது. மணிக்கட்டுக்குப் போனாள். மறுகைக்குப் போனாள். ஓரிடத்தில் ஒரு பொட்டு மினுங்கி அணைந்தது.

"வீக்கம் இருந்த மாதிரிதான் தெரியுது. கொதிப்பக் காணோம். வலிக்குதா?"

"இன்னிக்கு இல்ல டாக்டரம்மா. இன்னிக்கு நல்லாருக்கு!" எடெல்மிரா விரல்களை மடக்கிக் காட்டினாள். குழந்தை புதுச் செருப்பைக் காட்டுவது போல.

"வேற மருந்து ஏதாவது எடுத்தீங்களா? ஸ்டீராய்டு மாதிரி?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. வைட்டமின் மட்டும்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டரம்மா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். நர்ஸ் கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். படம் குழுவுக்குப் போனது. குழு ஆளைப் பார்க்காது, படத்தைப் பார்க்கும். பார்த்தது. மறுத்தது.

அவள் ஊர் திரும்பிய இரண்டாவது வாரம் கைகள் பழைய பாக்கியை வட்டியோடு வசூலித்தன. தலையணையைத் திருப்ப முடியவில்லை. கதவுத் தாழைப் பல்லால் இழுத்தாள். கடைக்கு வந்தால் சந்தை வேறு முகம் காட்டியது. "அன்னிக்கு அன்னாசி சீவின கைதானே?" என்றார்கள். தம்ளர் நழுவி உடைந்தபோது, "நடிப்புக்குத் தம்ளர உடைக்கணுமா?" என்றது ஒரு குரல். ஃபவுஸ்தினாவுடையது இல்லை. ஃபவுஸ்தினா அந்த நேரத்தில் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டே, "நடிச்சாலும் செருப்பு போட்டுக்கிட்டு நடி, கால்ல குத்தும்" என்றாள்.

மறுபடி விண்ணப்பித்து, மறுபடி தேதி வாங்க ஒரு வருஷம் ஆனது. இந்தத் தடவை டாக்டரம்மா போனிலேயே கண்டிப்பாகச் சொன்னாள்: "எத வைட்டமின்னு போட்டீங்களோ, அந்தப் பாட்டிலப் பாத்துப் பேரு சொல்லுங்க."

எடெல்மிரா மருந்துக்கடைக்குப் போனாள். எலியோதோரோ பெருமையாக எடுத்துக் காட்டினார். சிவப்புச் சாயம் போட்ட வைட்டமின். பக்கத்தில் இன்னொரு குட்டிப் பாட்டில், நிறமே இல்லாதது.

"இது?"

"இதுவா? இது என் கொசுறு."

"கொசுறா?"

"பின்ன? வைட்டமின் மட்டும் போட்டா உன்னால பின்னியிருக்க முடியுமா? டெக்ஸா கொஞ்சம் சேர்த்தேன். எல்லாருக்கும் போடமாட்டேன். உனக்குன்னு போட்டேன்."

எடெல்மிரா பாட்டிலின் பெயரைப் போனில் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். அந்தப் பக்கத்தில் டாக்டரம்மா பெருமூச்சு விட்டது கடை முழுக்கக் கேட்டது. "அது ஸ்டீராய்டும்மா. நெருப்ப அணைக்காது, கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கும். அது மூடியிருந்த அன்னைக்குத்தான் நாம படம் எடுத்தோம்."

எலியோதோரோ கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நல்லது செய்யலாம்னுதான்..." என்றார். "நீ தல பின்னணும்னுதானே கேட்ட? படத்தப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லைதான். சந்தை முழுக்கக் கோழி தின்று கொண்டாடிய சங்கதி தன் கடை வாசலைத் தாண்டவில்லை என்பது போல அவர் நின்றார். அந்த விருந்தில் அவர் இரண்டு பாட்டு ஆடியிருந்தார்.

இரண்டாவது பயணத்துக்கு விருந்து இல்லை. யாரும் போடவில்லை, அவளும் கேட்கவில்லை. பெரிய மிக்ஸியை விற்றாள். மாத்திரைகூடப் போடாமல் வலியை வலியாகவே வைத்திருந்தாள். குழுவுக்குக் காட்டப் பத்திரமாக. புறப்படும் காலையில் ஃபவுஸ்தினா கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கையில் சீப்பு.

"உக்காரு. இந்தக் காக்காக் கூட்ட லிமாவுக்கு எடுத்துட்டுப் போகப்போறியா?"

"வேணாம்."

"வாய மூடு." தலையைப் பின்னால் இழுத்தாள். "அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா நான் பின்னிவிட்டிருக்க மாட்டேனா? இதுக்குப் போயி குண்டியில ஊசி குத்திக்குவாளா ஒருத்தி?"

"உன்கிட்டச் சொல்றதும் சந்தை மைக்குல சொல்றதும் ஒண்ணு."

"அது சரிதான்" என்றாள் ஃபவுஸ்தினா. கொஞ்ச நேரம் பின்னினாள். "வெந்திருந்தா நான் அவ்வளவு பேசியிருக்க மாட்டேன், அந்தத் தொட."

லிமாவில் அதே அறை, அதே களிம்பு. டாக்டரம்மா கலரை இயக்கியதும் திரையில் சிவப்பு வெடித்தது. முட்டிக்கு முட்டி, மணிக்கட்டு முழுக்க, ஊர்த் திருவிழாவில் தேவாலயத்துக்குச் சீரியல் பல்பு போட்ட மாதிரி மினுக் மினுக்கென்று.

"வந்திருச்சு!" எடெல்மிரா எழுந்தே விட்டாள். "சிவப்பு வந்திருச்சு டாக்டரம்மா! பாருங்க, அங்கயும்!"

டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தது சிவப்பை அல்ல. அதற்குக் கீழே, போன வருஷம் வழுவழுவென்று வெள்ளைக் கோடாக இருந்த எலும்பின் கரையை. இப்போது அது கடித்து வைத்த ரொட்டி போலிருந்தது. ஒரு பள்ளம், பக்கத்தில் இன்னொரு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் சிவப்பு இறங்கிக் குடித்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்கம்மா" என்றாள். "மருந்து கெடைச்சாலும், அரிச்சது அரிச்சதுதான். எலும்பு திரும்ப வளராது. விரல் இனிமே பழைய மாதிரி..."

"ஆனா சிவப்பு இருக்குல்ல?"

"இருக்கு."

"அது போதும்" என்றாள் எடெல்மிரா. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வருஷமாகப் பொய்க்காரி என்று பேர் வாங்கியவள்.

குழு கூடியது. ஒரே ஆள், ஒரே கை, ஒரு படம் சாம்பல், ஒரு படம் சிவப்பு. குழுவுக்குக் குழப்பம் வந்தது. குழப்பம் வந்தால் குழு என்ன செய்யும்? மூன்றாவது படம் கேட்கும். டாக்டரம்மா விளக்கம் எழுதினாள், சின்னப் பாட்டிலின் கதை முழுவதையும். விளக்கத்துக்கு நிறம் கிடையாது. குழு நிறத்தை மட்டும்தான் பார்க்கும். மூன்றாவது தேதிக்குள் டாக்டரம்மாவின் வேலை ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மெஷின் அங்கேயே இருக்கிறது, மேலே துணி போர்த்தி. அதைப் பிடிக்கத் தெரிந்த கை இன்னும் வந்து சேரவில்லை.

வதந்தி செத்துவிட்டது. எடெல்மிராவின் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோனதைப் பார்த்த பிறகு யாருக்கும் மெஷின் சாட்சி தேவைப்படவில்லை. இப்போதும் முக்காலியில் உட்கார்கிறாள். பழத்தை வாடிக்கையாளரே நறுக்கிக்கொள்கிறார். சின்ன மிக்ஸியின் பொத்தானை அவள் முழங்கையால் அமுக்குகிறாள். தம்ளரில் ஃபவுஸ்தினா ஊற்றிக் கொடுக்கிறாள், தன் கடையில் ஆள் இல்லாத நேரத்தில். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தானே நறுக்கிக் குடிக்க வீட்டிலேயே பழம் இருக்கிறதே. அடுத்த வருஷக் குத்தகையைப் பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை. ரொட்டிக்காரி மட்டும் முக்காலியின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுப் போகிறாள்.

எலியோதோரோ ஒரு நாளும் தவறாமல் வருகிறார். கோட்டோடு. பப்பாளியைத் தானே நறுக்கிப் போட்டு, குடித்து முடித்து, காலித் தம்ளரை மேடையில் வைக்கிறார். தள்ளி வைப்பதுமில்லை, நீட்டுவதுமில்லை. அவளும் அவரைத் திட்டியதில்லை. காலை வணக்கம்கூட மாறவில்லை.

"கசேரோவுக்குக் கொசுறு ஊத்தலையா?" என்று ஒரு தடவை ஃபவுஸ்தினா ஜாடியைத் தூக்கப் போனாள்.

"வையி" என்றாள் எடெல்மிரா. "அத நான்தான் ஊத்தணும்."

தூக்க முடியவில்லையா, தூக்க மனமில்லையா என்பது யாருக்கும் தெரியவில்லை. ஜாடியின் அடியில் அவருடைய பங்கு அப்படியே நிற்கிறது. நுரை அடங்கி, நிறம் கறுத்து, கடை மூடும் நேரத்தில் ஃபவுஸ்தினா அதைச் சாக்கடையில் ஊற்றுகிறாள். மறுநாள் அவர் வருகிறார், குடிக்கிறார், தம்ளரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கிறார். அந்தக் கொசுறு இன்னும் பாக்கி.